வினிகர் வெங்காயம்

பிரிட்டனின் ஜோடிப் பனிச்சறுக்கு வீராங்கனை ஹில்டாவுக்குப் பல வருஷங்களாகவே குமட்டிக்கொண்டு வந்தது. எல்லாம் அவளுடைய ஜோடி கிளிஃபோர்டால்தான். பனியில் இறங்குமுன் ராசிக்கென்று ஒரு ஜாடி வினிகர் வெங்காயத்தை மொக்கிவிடுவான். பிறகு அவன் விடும் மூச்சில் அரங்கத்துக் கூரையில் தொங்கும் கொடிகளே சுருண்டுவிடும். மூக்கைத் துடைத்த கையாலேயே அவளைத் தலைக்குமேல் தூக்குவான். அவளைத் தரையோடு தரையாகச் சுழற்றும்போது அவன் வியர்வை அவள் உதட்டில் சொட்டும். அப்போதும் கடைவாய்ப்பல் தெரியச் சிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவர்கள் மார்க்கில் கைவைப்பார்கள். பத்திரிகைகளோ, 'அடடா, என்ன காதல்!' என்று உருகின.

அன்று ஒலிம்பிக்குக்கான தேர்வு. ஜெயித்தால் பயணம், கூடவே கிளிஃபோர்ட். தோற்றால் விடுதலை. கடைசிச் சுழலில் அவனிடம் கையைக் கொடுப்பதில்லை என்று முடிவுகட்டிக்கொண்டுதான் பனியில் இறங்கினாள்.

"சிரிச்சுத் தொலை, சிடுமூஞ்சி," என்றான் அவன்.

"நீ முதல்ல வாயை மூடு. சிரிப்பு தானா வரும்."

கடைசிச் சுழல் வந்தது. பிசுபிசுவென்று மினுங்கியபடி அவன் கை நீண்டது. அவள் வேண்டாமென்று நினைத்து முடிப்பதற்குள், பழகிய அவள் கை பாய்ந்துபோய் அதைப் பற்றிக்கொண்டது.

மார்க்குக்காகக் காத்திருக்கும் பெஞ்சில், முதலிடம் என்று அறிவித்ததும் கிளிஃபோர்ட் துள்ளிக் குதித்தான். ஹில்டா அவனைப் பார்க்கவில்லை. அவன்மேல்கூட இதுவரை வந்திராத அருவருப்போடு தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் அவனை விடவில்லை.