ஆளுக்கொரு நிறம்

வாயாடியின் மடியில் சிவப்பு நூல்கண்டு இருந்தது. இடக்கை என்று எல்லோரும் கூப்பிடுபவள் உள்ளே வருவதைக் கண்டதும், இடுப்பில் கட்டியிருந்த மடிச்சாக்கை இழுத்து அதை மூடிக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரம். துடைப்பப் பட்டறையில் வேறு யாரும் இல்லை. தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டு அதை எடுக்கத் திரும்பி வந்த இடக்கை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இங்க என்னடி பண்றே?"

"துடைப்பத்துக்குச் சோறு ஊட்டறேன். போக்கா, போய்ச் சாப்பிடு."

வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை.

பட்டறையில் ஆளுக்கொரு நிறம். ஊறிய புல்லை அடுக்கி, பிடியில் சணலை இறுகச் சுற்றி முடித்ததும், கழுத்தில் அவரவர் நிற நூலால் ஒரு முடிச்சு போடவேண்டும். யார் கட்டிய துடைப்பம் என்று அதை வைத்துத்தான் கணக்கு. வாயாடிக்குப் பச்சை. சிவப்பு இடக்கைக்கு மட்டும். எல்லோரும் சணலை வலப்பக்கமாகச் சுற்றினால் இவள் இடது கைக்காரி, இடப்பக்கமாகச் சுற்றுவாள். அதனால் வந்த பெயர் அது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

பச்சைக்காரிக்குச் சிவப்பு நூல் எதற்கு?

இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வருகிறார். போன தடவை அனுப்பிய துடைப்பம் ஒன்று வார்டு முழுக்கப் புல்லை உதிர்த்ததாம். பெருக்கிய இடத்தைத் திரும்பப் பெருக்கவேண்டியிருந்ததாம். காலையில் முதலாளி எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு யாரோடது உதிருதோ, அவங்க நாளைக்கு வரவேண்டாம்."

அதிலிருந்து இடக்கை தன் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதத்துக்கு முன் குழாயடியில் வழுக்கி விழுந்ததில் இடது மணிக்கட்டு போயிற்று. சணலை இழுத்துப் பிடித்தால் விரல்கள் மரத்துவிடும். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் நேற்றுக் கட்டிய முப்பதில் ஐந்தாறு தளர்ச்சி என்று அவளுக்கே தெரியும். காய்ந்த துடைப்பத்தைப் பிரித்துக் கட்டவும் வழியில்லை. புல் ஒடிந்துவிடும்.

வாயாடி ஒருத்திதான் கண்டுபிடித்திருந்தாள். போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கட்டும்போதே கேட்டாள்.

"இந்தக் கைய வெச்சுக்கிட்டு வேற எங்கக்கா போய் நிப்பே? எனக்குன்னா நாலு பட்டறையில கூப்பிடுவாங்க."

அன்று சுருக்கென்றது. இன்று அர்த்தம் புரிந்துவிட்டது. தளர்வாக நாலு துடைப்பம் கட்டிச் சிவப்பு முடிச்சுப் போட்டு இடக்கையின் குவியலில் செருகிவிட்டால் முடிந்தது கதை.

இடக்கை சாப்பிடப் போகவில்லை. நேராக மேஸ்திரியிடம் போனாள்.

"அண்ணே, என் நூலு அவகிட்ட இருக்கு."

"யாருகிட்ட?"

"வாயாடிகிட்ட. என் பேருல மோசமாக் கட்டி வெக்கிறா. என்னைய வெளியே அனுப்பத்தான்."

மேஸ்திரி பல்லிடுக்கில் இருந்த குச்சியை எடுத்தார். "நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்."

பார்த்தது நூல்கண்டை மட்டும்தான். அதை அவள் சொல்லவில்லை.

"சரி விடு. உன்னோடது உதிர்ந்தா நான் முதலாளிகிட்டப் பேசிக்கிறேன்."

மார்பிலிருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. தன் துடைப்பமே உதிர்ந்தாலும் இனி பழி வேறு தலையில்.

ஆஸ்பத்திரி ஆள் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஐந்து எடுத்தார். ஒவ்வொன்றையும் சிமெண்டுத் தரையில் பத்து முறை ஓங்கி அடித்தார். பிறகு நடுவில் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

சிவப்பு முதலில். ஒன்று. இரண்டு. இடக்கை மரத்த விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மூன்று. நான்கு. ஐந்தாவதை அவர் இரண்டு தடவை இழுத்தார்.

ஒரு புல்கூட வரவில்லை.

"கட்டுன்னா இது கட்டு" என்றார்.

அவளால் நம்பமுடியவில்லை. தளர்ந்தது ஒன்றுகூட அவர் கையில் சிக்கவில்லையே. நல்ல நேரம்தான்.

அடுத்தது பச்சை. முதல் மூன்றும் தேறின. நான்காவது ஆறாம் அடியிலேயே பிடி கழன்று, புல் தரையெங்கும் சிதறியது.

முதலாளி வாயாடியைப் பார்த்தார்.

"நாளைக்கு வராதே."

"சரிங்க" என்றாள் வாயாடி. அவ்வளவுதான். பட்டறையே வாயைப் பிளந்தது. அவள் ஒரே வார்த்தையில் எதையும் முடித்து யாரும் கேட்டதில்லை.

மடிச்சாக்கை அவிழ்த்து உதறி ஆணியில் மாட்டினாள். வாசலருகே இடக்கையைத் தாண்டும்போது நின்றாள்.

"கைய டாக்டர்கிட்டக் காட்டுக்கா. சும்மா இழுத்தடிக்காதே."

போகும்போதும் குத்தல். இடக்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேஸ்திரி குனிந்து காதருகே சொன்னார்: "உனக்குக் குழி தோண்டின நேரத்துல தன்னோடதைக் கோட்டை விட்டுட்டா, பாத்தியா? அதைக் கொஞ்சம் அள்ளிப் போட்டுடு."

இடக்கை உட்கார்ந்து சிதறிய புல்லைக் கூட்டினாள். கழன்று கிடந்த பிடியைக் கையில் எடுத்தாள். கழுத்தில் பச்சை முடிச்சு புத்தம் புதிதாக இருந்தது.

அதற்குக் கீழே சணல் இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது.