காலிக் கோப்பை

காலை நிகழ்ச்சி மேஜையில் இரண்டு பீங்கான் கோப்பைகள் இருந்தன. பழையது நிகழ்ச்சியின் முதல் நாளிலேயே வந்தது, புதியது நேற்றுத்தான் வந்தது. நேரலையில் சிந்திவிடுமாம், அதனால் இரண்டிலும் காபி ஊற்றுகிற வழக்கமே இல்லை.

இதை யாரும் புதுத் தொகுப்பாளினி யாழ்மொழியிடம் சொல்லவில்லை. கேமரா ஓடத் தொடங்கியதும் அவள் சிரித்தபடி புதுக் கோப்பையைத் தூக்கினாள். உள்ளே பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

புதுக் கோப்பைக்கு வெலவெலத்துப் போயிற்று.

"அக்கா, பாத்துட்டா! ஊரே பாக்குது, காலின்னு சொல்லிடுவாளோ?"

"சத்தம் போடாதடி."

அவள் கையிலிருந்து கோப்பை நழுவப் பார்த்தது. சட்டென்று அவள் கண்ணை மூடி ஒரு வாய் உறிஞ்சி, "ஆஹா, என்ன மணம்!" என்றாள்.

கோப்பைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கெட்டிக்காரிக்கா! இவ நிலைச்சுடுவா, பாரேன்."

"இவளுக்கு முன்னாடி இருந்தவங்களும் இதே மாதிரி அழகாத்தான் குடிச்சாங்க."

"அப்புறம் ஏன் அனுப்பிட்டாங்க?"

பழைய கோப்பை குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"ஒவ்வொருத்தரும் ஒருநாள் நிஜமாவே காபி கேட்டாங்க."