மறுசோறு

“ராத்தா, இன்னிக்கும் மறுசோறு கேட்டு என் மானத்தை வாங்கினே, அடுத்த மாசம் என் மக நிக்காஹுக்கு உனக்கு அழைப்பே கிடையாது. சொல்லிட்டேன்!”

கல்யாண வீட்டு வாசல்லயே தங்கச்சி சபூரா பிடிச்சுக்கிட்டா.

“கேக்கலைடி”ன்னா அமீர் நிஷா. ஆள் நல்ல கனம். நாலு எட்டு வச்சாலே மூச்சு வாங்கும்.

“டாக்டரம்மா என்ன சொன்னாங்க? சோத்தையும் கறியையும் விடலேன்னா சர்க்கரை காலைத் தின்னுடும்னு சொல்லலே? நாக்கைக் கட்டத் தெரிய வேணாம் ஒரு பொம்பளைக்கு?”

“கட்டறேன்டி, விடு.”

புருஷன் மவுத்தாகிப் போய்ச் சேந்துட்டார். ஒரே மகனும் சவுதியிலேயே தங்கிட்டான். தனியாத் தின்னு தனியாப் படுக்கிறவளுக்கு, நாலு மனுஷ முகம் பாக்கக் கிடைக்கிறதே இந்த மாதிரி கல்யாணத்துலதான். அதையும் பிடுங்கிட்டா என்ன செய்வா, பாவம்!

விருந்துன்னா சகன்தான். பெரிய தட்டு நிறைய நெய்ச்சோறு, மேல ஆட்டுக்கறி, சுத்தி உக்காந்து எல்லாரும் ஒரே தட்டுல கை வைக்கணும். அமீர் நிஷா உக்காந்ததுதான் தாமதம், பக்கத்துல இருந்தவங்க நைசா எழுந்துட்டாங்க.

“அவகூட உக்காந்தா நமக்கு எலும்புதான் மிஞ்சும்!”

மெஹர் பானு மட்டும் மூணு பிள்ளைங்களோட எதிர்ல வந்து உக்காந்தா. வாழ்ந்த குடும்பத்துப் பொண்ணு. வெளிநாட்டுக்குச் சபர் போன புருஷன்கிட்டேருந்து வருஷக்கணக்கா சேதி இல்லை. யார் கேட்டாலும், “எங்களுக்கென்ன, நல்லாத்தான் இருக்கோம்”னுதான் சொல்லுவா.

அமீர் நிஷா முதுகைப் பந்தல் பக்கம் காட்டி நல்லா அகலமா உக்காந்தா. அந்த முதுகைத் தாண்டி யாருக்கு என்ன தெரியும்? நெய் வாசனைக்கு அவளுக்கு நாக்கு ஊறிப் போச்சு.

கொஞ்ச நேரத்துல சகன் வழிச்சுத் துடைச்ச மாதிரி காலி.

தூரத்துலேருந்தே சபூரா முறைச்சா. வேணாம்னு தலையை ஆட்டினா.

அமீர் நிஷா அவளைப் பாத்தா. அப்புறம் சத்தமாவே குரல் குடுத்தா.

“இந்தாங்க, இந்தச் சகனுக்கு மறுசோறு! கறியைக் கொஞ்சம் தாராளமா வைங்க!”

பந்தியே சிரிச்சுது.

“அட அல்லாவே, அந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு கவளமாவது கிடைச்சிருக்குமா?”

கை கழுவுற இடத்துக்கே வந்துட்டா சபூரா.

“இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதே.”

அமீர் நிஷாவுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. வீட்டுக்கு நடந்தா. அடுப்பைப் பத்த வச்சு, டாக்டரம்மா சொன்ன கோதுமைக் கஞ்சியைக் காய்ச்சி, ஒத்தையா உக்காந்து குடிச்சா.

நெய்ச்சோத்தை அவ எப்பவோ விட்டுட்டா. தின்னிப்பண்டாரம்கிற பேரை மட்டும்தான் விடலை. அவ வாய்விட்டுக் கேட்டாத்தானே, கேக்கக் கூச்சப்படற மெஹர் பானுவும் பிள்ளைங்களும் வயிறு நிறைஞ்சு எழுந்திரிக்க முடியும்!