உடைந்த நிப்

தூக்குத் தண்டனைத் தீர்ப்பில் கையெழுத்துப் போட்டதும் பேனா முனையை உடைத்துவிடுவது நீதிபதிகளின் வழக்கம். ஓய்வுபெற்ற நீதிபதி ஞானசிகாமணி, ஒரு கொலை வழக்கில் அப்படி உடைத்த துணுக்கைக் காகிதத்தில் பொதிந்து வைத்திருந்தார். அந்தக் கொலையைச் செய்தது தூக்கில் போடப்பட்டவன் இல்லை, வேறொருவன் என்று இன்றைய பேப்பரில் வந்திருந்தது. பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேனாக் கடைக்குப் போய், அந்தப் பேனாவையும் பொட்டலத்தையும் நீட்டினார்.

“கீழ போட்டுட்டீங்களா சார்?” என்றார் கடைக்காரர்.

“இல்ல. நானேதான் உடைச்சேன்.”

கடைக்காரர் அவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டுப் புது நிப் ஒன்றை எடுத்தார்.

“அது வேண்டாம். இந்தத் துணுக்கையே ஒட்டிக் குடுங்க.”

“ஒட்டினாலும் எழுதாதே சார்.”

“எழுத வேண்டாம்ப்பா,” என்றார் நீதிபதி. “உடையாத மாதிரி இருந்தா போதும்.”