சுரண்டிய லேபிள்

“இது என்ன?” வெள்ளவத்தை சோதனைச் சாவடியில் சிப்பாய் சிங்களத்தில் அதட்டியபடி, குமரப்பனின் பையிலிருந்த சிறு புட்டியைப் பிடுங்கினான்.

“ஆத்தாவோட எலும்பு வலிக்கு மருந்து, சேர். ஊசிக்குப் பதிலா மூக்குல அடிக்கிறது.”

“லேபிளை ஏன் சுரண்டினாய்? சொல், இல்லாவிட்டால் ஜீப்பில் ஏறு!”

குமரப்பனுக்கு வியர்த்தது. முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடாத ஆத்தா சிட்டாள் பக்கத்திலேயே நிற்கிறாள். எப்படிச் சொல்வான்?

சிப்பாய் அவன் சட்டையைப் பிடித்து ஜீப்புக்கு இழுத்தான்.

“நில்லுங்க மாத்தயா!” சிட்டாள் சிங்களத்தில் கத்தினாள். “அதுல சாமன் மீன் சத்துன்னு போட்டிருந்திச்சு. நான் பார்த்திடுவேன்னு சுரண்டிட்டான்!”

பிறகு மகன் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்:

“டொக்டர் எழுதும்போதே எங்கிட்டச் சொல்லிட்டாருடா. உங்க அப்பச்சிக்குத்தான் தெரியக்கூடாது!”