மண் இல்லாத போஞ்சி

போஞ்சி இலையின் ஓரம் இன்றைக்கும் கருகித்தான் இருந்தது. எமிலி அதைக் கிள்ளி, வந்திருந்த பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தாள்.

அந்தப் பிள்ளை கஜாலினி, புதிதாக வந்த விவசாயப் போதனாசிரியர். கிளிநொச்சிப் பக்கத்து வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்தவள். வள்ளத்தில் குமட்டிக் குமட்டி வழிநெடுகச் சத்தி எடுத்து, நெடுந்தீவுத் துறையில் இறங்கி, கொதிக்கிற வெயிலில் நடந்து வந்திருந்தாள். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

முன்னறை முழுக்க மீன்பெட்டிகள்.

துறையில் உடைந்துபோனதென்று வீசிய, வெள்ளை நுரை மாதிரியான ரெஜிபோம் பெட்டிகளை எமிலி ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்தாள். மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரியை உருக்கி வெடிப்பை அடைத்தாள். மூடியில் துளை போட்டு, யோகட் கப்புகளைச் செருகி, அதற்குள் தேங்காய்த் தும்பு வைத்துக் கன்று நட்டாள். கீழே பசளை கரைத்த தண்ணீர். வேர் அதற்குள் காலை விட்டுக்கொண்டு நிற்கும். எல்லாம் போனில் வீடியோ பார்த்துப் படித்த படிப்பு.

அயலுக்கு இது நல்ல பகிடி. கட்டிலுக்குப் பக்கத்தில் தோட்டம் செய்கிற மனுசி என்ற கதை துறை வரைக்கும் போயிருந்தது. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவளுடைய கவலை பக்கத்து அறையில் படுத்திருந்தது.

புருசன் சில்வெஸ்ரருக்குப் பிரஷர். அது சிறுநீரகத்தையும் பிடித்துவிட்டது. ஒரு கல் உப்பும் கூடாது என்று டொக்டர் சொன்ன அன்றே, எமிலி குசினியில் இருந்த உப்புப் போத்தலைக் கொண்டுபோய்க் கடலில் எறிந்துவிட்டு வந்தாள். கடலுக்கு அது ஒரு குறையா என்று மனுசன் சிரித்தார். சிரிக்கிற அளவுக்கு அப்போது தெம்பு இருந்தது.

கருவாடு அயல்வீட்டுக்குப் போனது. புட்டிலும் உப்பில்லை, சொதியிலும் உப்பில்லை. அவரோடு சேர்ந்து அவளும் அதையே தின்றாள்.

அப்படியும் பிரஷர் இறங்கவில்லை. கால் வீக்கமும் வற்றவில்லை. இப்படியே போனால் மெசின் வைத்து இரத்தம் சுத்தம் செய்யவேண்டி வரும் என்றார் டொக்டர். ஒவ்வொரு கிழமையும் திரும்பத் திரும்பக் கடல் தாண்ட வேண்டும். காற்று எழும்பினால் வள்ளமே ஓடாத ஊரில் அது நடக்கிற காரியமா?

யோசித்து யோசித்து எமிலி கள்ளனைப் பிடித்தாள். மண்தான் கள்ளன்.

ஊர் மண் முழுக்க உவர். அதில் காய்க்கிற மரக்கறிக்குள் உப்பு ஏறாமல் என்ன செய்யும்? மண்ணே வேண்டாம். கடற்காற்றும் படவேண்டாம். வீட்டுக்குள் ஒரு பிடி போஞ்சி காய்த்தால் போதும், மனுசன் எழும்பிவிடுவார்.

கன்றுகள் எழும்பத்தான் செய்தன. பிறகு ஓரம் கருகிச் சுருண்டன.

"பெட்டியில மீன் உப்பு ஊறியிருக்கும் அன்ரி. நல்லாக் கழுவினனீங்களோ?" என்று கேட்டாள் கஜாலினி.

எமிலிக்குச் சுருக்கென்றது. உள்ளங்கைத் தோல் உரிய உரியக் கழுவியவளிடம் கேட்கிற கேள்வியா இது? பதில் சொல்ல வாயெடுத்தவள், பிள்ளையின் முகம் வெளிறிக் கிடந்ததை அப்போதுதான் கண்டாள். வீடு தேடி வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்னக் குசினிக்குள் ஓடினாள்.

கொண்டுவந்ததும் லேசுப்பட்ட தண்ணீர் அல்ல.

மெசினில் சுத்தம் செய்து, பவுசரில் சந்திக்கு வருகிற தண்ணீரை எமிலி சட்டி பானை கழுவத்தான் எடுப்பாள். நாக்கில் வைத்தால் அதில் ஒரு சத்தும் இல்லை, ஏதோ மருந்து கலந்த மாதிரி ஒரு ருசி. சுகமில்லாத மனுசனுக்கு அதை எப்படிக் கொடுப்பது? அவள் விடியமுன் எழும்பி, பனங்கூடலுக்கு அங்கால் உள்ள கிணற்றுக்கு நடப்பாள். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து இந்தப் பக்கத்துக்கு நல்ல தண்ணீர் என்றால் அதுதான். இடுப்பு ஒடிய ஒடியச் சுமந்து வந்து, மனுசன் கேட்கக் கேட்க வார்ப்பாள். அவர் குடித்த மிச்சம் போஞ்சிக்கு.

கஜாலினி கிளாசை இரண்டு கையாலும் வாங்கி அண்ணாந்தாள். ஒரு மிடறோடு நிறுத்தினாள். பிறகு, தன்னை இவ்வளவு கவனிக்கிறாளே என்ற நன்றியோடு எமிலியைப் பார்த்தாள்.

"சத்தி எடுத்தனான் எண்டோ அன்ரி, தண்ணிக்குள்ள உப்புப் போட்டனீங்கள்?"

எமிலிக்கு விளங்கவில்லை. இந்த வீட்டில் ஏது உப்பு? கிளாசை வாங்கித் தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

இனித்தது. என்றைக்கும் போல இனித்தது.

இன்னொரு வாய் குடித்தாள். அதுவும் இனித்தது. அந்தக் கிணறு எந்த வருசத்தில் உவராய் மாறியதோ, அவளுடைய நாக்கும் அதோடு சேர்ந்து மாறியிருந்தது.

கிளாசைப் பிடித்தபடி பெட்டிகளைப் பார்த்தாள். மண் இல்லை. கடற்காற்றும் இல்லை. தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

பக்கத்து அறையில் கட்டில் கிரீச்சிட்டது.

"எமிலி, விடாய்க்குது. இன்னும் கொஞ்சம் தண்ணி கொண்டு வாரும்" என்றார் சில்வெஸ்ரர்.