ஓரத்தை வெட்டாத படம்

டியூப்லைட்டை அணைத்தாள்.

சன்னல் வெளிச்சம் ஒரு நிறம். குழல்விளக்கு வேறொரு நிறம். இரண்டும் கலந்தால் வெள்ளைத் துணி ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் படத்தில் விழும். ஏதாவது ஒன்றுதான் இருக்க வேண்டும்.

சன்னலை ஒட்டிய பக்கச் சுவரில் போர்வை தொங்கியது. திரைச்சீலைக் கம்பியில் கிளிப்புகள் போட்டுக் கணவன் மாட்டியிருந்தான்.

அத்தனையும் ஒருவனுடைய சட்டைகள். சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, பஞ்சு கொடுத்து, இவள் கையால் தைத்தது. தைக்கக் கொடுத்த தூத்துக்குடி ஸ்டெல்லா அக்காவின் மகன். மழைக்காலத்தில் வண்டியோடு விழுந்து இறந்துபோனவன்.

ஒளி நேராக விழுந்தால் தையல் தெரியாது. போர்வை அச்சடித்த தாள் மாதிரி இருக்கும். பக்கவாட்டில் விழுந்தால் ஒவ்வொரு தையலுக்கும் ஒரு நிழல் கிடைக்கும். அந்த நிழல்தான் பஞ்சின் கனத்தைச் சொல்லும்.

ஆனால் சன்னலுக்கு எதிர்ப்பக்கம் இருண்டுவிடும். அதற்குத்தான் கணவன். வெள்ளைப் படுக்கை விரிப்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து நின்றான். சன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, இருட்டை நிரப்பும்.

"கல்யாண ஆல்பத்துக்குக்கூட என்னை இவ்வளவு நேரம் நிக்க வைக்கல நீ."

"அதுல உங்களை யாரு பாத்தா? கொஞ்சம் மேல தூக்குங்க."

முழங்காலிட்டாள். போனைப் போர்வையின் நடு உயரத்துக்குக் கொண்டுவந்தாள். நின்றபடி எடுத்தால் சதுரம் கீழே குறுகிவிடும்.

எடுத்தாள்.

நன்றாக வந்திருந்தது. நீலக் கட்டம், சாம்பல், மறுபடி நீலக் கட்டம். தையல்கள் மணலில் காற்று போட்ட கோடுகள்போல் ஓடின. மேல் ஓரத்தில் மட்டும் கிளிப்புகள் தெரிந்தன. அதை வெட்டிவிடலாம்.

அப்போதுதான் அக்காவின் குரல் செய்தி வந்தது.

"பிள்ள, போட்டோவுக்காக நானும் அவுக அப்பாவும் உக்காந்திருக்கோம். ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். நீ அதத் துவைக்கலதான? அவன் கழட்டிப் போட்டத அப்படியே பைக்குள்ள வச்சுக் குடுத்தேன்லா. வாசம் போயிருமேன்னு நான் தண்ணி காட்டவே இல்ல."

கணவன் கைகளை இறக்கினான்.

அறையின் ஒரு பாதி இருண்டது.

துவைக்காமல் யாரும் தைப்பதில்லை. பழைய பருத்தி சுருங்கி முடித்திருக்கும். அடியில் கொடுக்கும் புதுத் துணி இனிமேல்தான் சுருங்கும். சேர்த்துத் தைத்துவிட்டு நனைத்தால் போர்வை கோணிக்கொள்ளும். அதனால் முதலிலேயே எல்லாம் தண்ணீர் பார்த்துவிட வேண்டும். சாயம் ஒட்டாமலிருக்க உப்பு. பிறகு சோப்பு. பிறகு நல்ல வெயில்.

நன்றாகத் துவைத்திருந்தாள்.

அக்கா சொல்லவில்லை. இவள் கேட்கவில்லை.

கழுத்துப்பட்டைகள் நினைவுக்கு வந்தன.

கழுத்துப்பட்டைக்குள் விறைப்புத் துணி இருக்கும். ஊசி இறங்காது. துவைப்பதற்கு முன்பே வெட்டிப் போட்டுவிடுவாள். வீணாகப் போவதற்கு எதற்குத் தண்ணீர் என்று.

தையல் மிஷினுக்குக் கீழே குனிந்து பார்த்தாள்.

"இங்க ஒரு வெட்டுத்துணிப் பை இருந்துச்சே?"

"குப்பை வண்டில போட்டாச்சு. படத்துல கசகசன்னு எதுவும் தெரியக் கூடாதுன்னு நீதான சொன்ன."

"எல்லாத்தையுமா?"

"எல்லாந்தான். ஏன்?"

அவள் தரையில் உட்கார்ந்தாள்.

போன் இன்னும் கையில் இருந்தது. படம் இன்னும் திரையில் இருந்தது. இரண்டு விரலால் விரித்துப் பார்த்தாள். எதற்கென்று தெரியவில்லை. தையலில் எங்கும் பிழை இல்லை.

மேலே நகர்த்தினாள். வெட்டிவிடலாம் என்று நினைத்த ஓரம்.

கிளிப்பின் பல் போர்வையில் பதியாமலிருக்க இடையில் ஏதாவது வைத்து மாட்டச் சொல்லியிருந்தாள். அவள் சன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம், அவன் வெட்டுத்துணிப் பையில் கைக்கு வந்ததை மடித்து வைத்திருந்தான். புதுத் துணியின் மிச்சம். மறுபடி அதே மிச்சம்.

கடைசிக் கிளிப்பில், நீலக் கட்டம்.

விறைப்பாக.

எழுந்தாள். சன்னலைச் சாத்தினாள். மின்விசிறியை நிறுத்தினாள்.

"போர்வையைப் பிடிச்சுக்குங்க."

அவன் விரிப்பைப் போட்டுவிட்டு வந்து பிடித்தான். அவள் முக்காலியில் ஏறிக் கிளிப்பைத் திறந்தாள். கழுத்துப்பட்டை மடிப்புக் கலையாமல் உள்ளங்கையில் விழுந்தது. உள்பக்கம் ஒரு பழுப்புக் கோடு, கழுத்து இருந்த அளவுக்கு.

"இருக்கான்னு மோந்து பாரேன்," என்றான் மெதுவாக.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூச்சை அடக்கியபடியே அதை ஜிப் கவரில் வைத்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அழுத்தி மூடினாள். மறுபடியும் அழுத்தினாள்.

படத்தை அனுப்பினாள். ஓரத்தை வெட்டவில்லை.

மைக் பொத்தானில் பெருவிரலை வைத்தாள்.

"அக்கா, சட்டையெல்லாம் துவைச்சுட்டேன்."

விரலை எடுக்கவில்லை. மீதியையும் சொல்ல வேண்டும்.